பழைய ஜிப்ஸிக்கு அட்ஜஸ்டபிள் ஷாக்: பழுது பார்ப்பதிலிருந்து கிளிக் வைப்பது வரை

ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், பத்தாவது வளைவுக்குள்ளேயே உள்ளே இருப்பவர்களின் வயிற்றைப் புரட்டிவிடும். ஊருக்குள் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று முறை குதித்த பிறகுதான் அடங்கும். ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "நாலு அப்சர்வரும் போச்சு சார்" என்றார்கள். நாலையும் மாற்றினேன். குதிப்பு பாதி குறைந்தது. ஆனால் குழியில் இறங்கும்போது வந்த 'டக்' சத்தம் போகவில்லை. வளைவில் பின்பக்கம் தனியாக நகர்வது போன்ற உணர்வும் அப்படியே இருந்தது. ஆறு மாதம் கழித்து நானே கீழே படுத்துப் பார்த்தபோது, பின் ஷேக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையை வண்டியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) புஷ்கள், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் உறைகள், விரலால் தொட்டதும் உதிர்ந்தன.

அந்தப் புஷ்களை மாற்றிய பிறகுதான், இறுக்கத்தை நாமே கூட்டிக் குறைக்கக்கூடிய அட்ஜஸ்டபிள் ஷாக் வாங்கினேன். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். திருகை எத்தனை கிளிக் திருப்பினாலும் தேய்ந்த புஷ் திரும்ப வளராது. இறுக்கி வைத்த ஷாக் கோளாறைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்.

ஷாக் செய்யும் வேலை

மெக்கானிக் கடைகளில் 'ஷாக் அப்சர்வர்' என்றுதான் சொல்வார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. ஷாக் எடையைத் தாங்காது. பட்டையின் ஆட்டத்தை அடக்கும். உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போகிறது. அந்த எதிர்ப்பில் ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. ஆகவே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அது ஷாக்கின் குற்றமல்ல. பட்டை தளர்ந்திருக்கும், அல்லது ஏதாவது ஒரு பிளேட் முறிந்திருக்கும்.

ஜிப்ஸியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக வரும் ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டைக் கட்டு, ஒவ்வொரு மூலைக்கும் தனி ஷாக். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஆபத்தான வேலை எதுவும் இல்லாததால் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் ஸ்ட்ரட் வகைக் கார் என்றால் இந்த வழிகாட்டியின் கழற்றும் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. பழுது பார்ப்பதும் கிளிக் வைப்பதும் பொருந்தும்.

குற்றவாளி ஷாக்தானா?

முதலில் டயர் காற்று. வண்டி ஓடாமல் ஆறிக் கிடக்கும் காலை நேரத்தில் நான்கையும் பாருங்கள். காற்று அதிகம் அடித்த டயர் கொடுக்கும் அடியை 'ஷாக் ஹார்டு' என்று தப்பாகப் படித்துவிடுவோம்.

அடுத்து எல்லோரும் செய்வது, பம்பர் மூலையை மூன்று நான்கு முறை அமுக்கி விட்டுப் பார்ப்பது. ஒரு முறை எழுந்து அடங்கினால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள். பட்டை வண்டியில் இந்தச் சோதனையை அப்படியே நம்பாதீர்கள். பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதே ஒரு பிரேக் மாதிரி வேலை செய்யும். துருப்பிடித்த பட்டைக் கட்டு, செத்துப்போன ஷாக்கையும் நல்ல ஷாக் போலக் காட்டும். அதே உரசல்தான் சின்னச் சின்னக் குழிகளில் வண்டியை முரட்டுத்தனமாகத் தூக்கிப் போடுவதும். என் வண்டியில் பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டிய அன்று கிடைத்த சுகம், புது ஷாக் கொடுத்த சுகத்துக்குக் குறைந்ததல்ல.

சரியான சோதனைக்கு ஷாக்கின் கீழ்முனையைக் கழற்றிவிட்டுக் கையால் இழுத்து அமுக்க வேண்டும். எதிர்ப்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் கை 'சட்' என்று வழுக்கிப் போனால் வால்வு போயிருக்கும், அல்லது எண்ணெய் குறைந்திருக்கும். இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும். உடம்பில் தூசி ஒட்டிய லேசான ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டியபின் மறுபடி எண்ணெய் வழிந்திருந்தால்தான் சீல் போயிற்று என்று அர்த்தம்.

ஷாக்கோடு குழப்பிக்கொள்ளும் மற்ற கோளாறுகள்:

- குழியில் 'டக்': ஷேக்கிள் புஷ், பட்டையின் நிலையான கண்ணில் (ஆடாத முனையின் வளையத்தில்) உள்ள புஷ், ஷாக் புஷ் மூன்றையும் கடப்பாரைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பருக்குள் இருக்கும் இரும்பு ஊசி தனியாக நகரக்கூடாது.
- வண்டி நேராக ஓடும்போதே ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி நிற்பது: யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டும் போல்ட்) தளர்ந்து அல்லது சென்டர் போல்ட் (பிளேட்டுகளை நடுவில் கோக்கும் போல்ட்) முறிந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடுவரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் உடனே தெரிந்துவிடும்.
- ஏதாவது ஒரு வேகத்தில், பெரும்பாலும் ஒரு குழி தட்டிய பிறகு, ஸ்டியரிங் கடகடவென்று ஆடுவது: முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்பும் மூட்டில் உள்ள பேரிங்.

கடைசிக் கோளாறுதான் இந்த வகை வண்டிகளில் நிறையப் பேரின் பணத்தைத் தின்கிறது. ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக்) மாற்றுவார்கள், ஷாக் மாற்றுவார்கள், டயர் மாற்றுவார்கள். கிங்பின் பேரிங்கில் கை வைக்க மாட்டார்கள்.

எந்த வகை வாங்குவது

சந்தையில் இரண்டு வகை அதிகம் கிடைக்கின்றன. ஒன்றில் ஷாக்கின் அடிப்பகுதியில் ஒரு திருகு இருக்கும். வண்டியிலேயே கையால் திருப்பலாம், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிளிக் கேட்கும். இன்னொன்று கழற்றி, அமுக்கித் திருப்பும் வகை. 1857-ல் குதிரை வண்டிச் சாமான்கள் செய்யத் தொடங்கிய நெதர்லாந்துக் கம்பெனியான கோனியின் பழைய சிவப்பு ஷாக்குகள் இதற்குப் பேர்போனவை. அவற்றில் திருப்பினால் மாறுவது ரீபவுண்டு மட்டும், அதாவது ஷாக் விரியும்போது உள்ள எதிர்ப்பு மட்டும். அமுங்கும்போது உள்ள எதிர்ப்பு மாறாது. குறை என்று நினைக்க வேண்டாம். பட்டை திருப்பி உதைப்பதை அடக்குவதுதான் ஷாக்கின் பெரிய வேலை.

அடிக்கடி சுமை ஏற்றி இறக்குகிறவர்களுக்குத் திருகு வகை. ஒரு முறை வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு இரண்டாவது வகை போதும். ஒரே ஆக்சிலில் இடதும் வலதும் கட்டாயம் ஒரே ஜோடியாக இருக்கட்டும்.

அளவு எடுக்காமல் காசு கொடுக்காதீர்கள்

பழைய வண்டியில் இதற்கு முன் யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது. கூடுதல் பிளேட் போட்டிருப்பார்கள், ஷேக்கிளை நீட்டியிருப்பார்கள். 'ஜிப்ஸிக்கானது' என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய ஷாக்கைக் கழற்றிவிட்டு இரண்டு அளவுகள் எடுக்க வேண்டும். முதலில் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டு, மேல் மவுண்டிலிருந்து கீழ் மவுண்டுவரை அளப்பது. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். பிறகு ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்கி, பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஆக்சில் மேலே வந்து சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் கட்டை) பாதி அமுங்கும்வரை கொண்டுபோய் அளப்பது. சேஸிஸ் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டை விறைப்பாக இருந்தால் வெறும் வண்டியில் ரப்பர்வரை வராது. மீதி இடைவெளியையும் ரப்பரின் பாதி உயரத்தையும் அளந்து கழித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, தொங்கும்போது 490 மி.மீ., அமுங்கும்போது 330 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் ஷாக் முழுதாக மூடியபோது 315-க்கு மேல் இருக்கக்கூடாது. முழுதாக விரிந்தபோது 505-க்குக் குறையக்கூடாது. இரண்டு பக்கமும் சுமார் 15 மி.மீ. மிச்சம் வைக்கிறோம். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் கீழே போகும் என்பதால் விரியும் பக்கத்தில் தாராளமாக இருப்பது நல்லது.

ஷாக் நீளமாகப் போனால் என்ன ஆகும் என்பதை நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்தேன். பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக் முழுதாக மூடிவிட்டது. ஒவ்வொரு பெரிய குழியிலும் அடி நேராக ஷாக்கின் அடிக்கு. மூன்றாவது மாதம் கீழ் மவுண்டின் வெல்டிங் பிளந்து, ஷாக் ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்தது. ஷாக் குட்டையாக இருந்தால் இதற்கு நேர்மாறு: தொங்கும் ஆக்சிலின் எடையை முழுக்க ஷாக்கின் உள் ஸ்டாப் தாங்கி, ராட் பிய்ந்து வரும்.

உயரம் கூட்டும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றத் தடை போடுகிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது உயரம்தான்.

கழற்றுவது

முந்தைய நாள் இரவே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். காலையில் இன்னொரு முறை. கம்பி பிரஷ்ஷால் வெளியே நீட்டியிருக்கும் மரையைத் தேய்த்துவிட்டுத் திருப்பினால் பாதிச் சண்டை மிச்சம்.

சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சேஸிஸுக்கு ஸ்டாண்டு, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். ஷாக்கைக் கழற்றியதும் ஆக்சில் இன்னும் கீழே போகப் பார்க்கும். ஜாக்கி தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம், குழிந்த பக்கம் எந்தத் திசை என்று சந்தேகம் வந்தால் மறுபக்கம் அப்படியே கண்முன் இருக்கும். செல்போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

மேல்முனை கம்பி வகையாக (வளையம் இல்லாமல் மரை போட்ட கம்பியாக) இருந்தால் நட்டைத் திருப்பும்போது ராடும் சேர்ந்து சுழலும். பழைய ஷாக் குப்பைக்குப் போவதால் ராடை வைஸ் கிரிப்பால் பிடித்துக் கழற்றலாம். புது ஷாக்கில் இதைச் செய்யக்கூடாது. மினுமினுக்கும் அந்த ராடில் ஒரு கீறல் விழுந்தாலும் சீலை அறுத்துவிடும்.

மாட்டும் முன்

எண்ணெய் ஷாக் பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. கடையில் படுக்கப் போட்டிருப்பதால் உள் குழாயில் காற்று புகுந்திருக்கும். வண்டியில் மாட்டும் அதே நிலையில் நேராக நிறுத்தி, மெதுவாக முழுதாக இழுத்து, மெதுவாக முழுதாக அமுக்குங்கள். ஐந்தாறு முறை. முதல் இரண்டு இழுப்பில் கை வழுக்கும், பிறகு எதிர்ப்பு சீராகும். அதன்பின் படுக்க வைக்காமல் நேரே கொண்டுபோய் மாட்டுங்கள். இந்த வகையைத் தலைகீழாகவும் மாட்டக்கூடாது. கேஸ் நிரப்பிய ஷாக் தானாக விரியப் பார்க்கும் என்பதால் ஒரு பட்டியால் கட்டித்தான் வரும். இரண்டு முனையிலும் போல்ட் ஏறிய பிறகு பட்டியை வெட்டலாம்.

அமுக்கித் திருப்பும் வகையென்றால் கிளிக் வேலையை இப்போதே முடிக்க வேண்டும். கீழ்க்கண்ணை வைஸில் பிடித்து ஷாக்கை முழுதாக மூடி, ராடை மெதுவாக இடப்பக்கம் சுழற்றினால் ஓரிடத்தில் உள்ளே ஏதோ பல் பொருந்துவது தெரியும். அமுக்கிய பிடியை விடாமல், இன்னும் இடப்பக்கம் திருப்பி முட்டும் இடம்வரை போங்கள். அதுதான் மிக மென்மையான நிலை. அங்கிருந்து வலப்பக்கம் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பினால் இறுகும். மொத்தம் ஏறத்தாழ ஐந்து அரைச் சுற்றுகள். முடிந்ததும் ராடைச் சுழற்றாமல் நேராக ஒரு சென்டிமீட்டராவது மேலே இழுத்தால் பல் விடுபடும்.

மாட்டுவது

மேல்முனையை முதலில். கம்பி வகை மேல்முனையில் ரப்பர் வாஷரின் விளிம்பளவுக்கு உப்பும்வரை இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் ரப்பர் பிதுங்கிக் கிழியும்.

திருகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இப்போதே கவனியுங்கள். கை எட்ட வேண்டும், ஆனால் ஆக்சிலிலோ டயரிலோ படக்கூடாது. முன்பக்கம் மாட்டியதும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். ஆக்சிலை ஜாக்கியால் ஏற்றி இறக்கியும் ஒரு முறை பாருங்கள். ஷாக்கின் உடம்பு எங்கும் உரசக்கூடாது.

கண் வகை (வளையம் உள்ள) முனைகளில் போல்ட்டை இப்போது கையால் மட்டும் ஏற்றுங்கள். சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கி, தன் எடையில் நிற்க வைத்து, நான்கைந்து முறை குலுக்கிவிட்ட பிறகுதான் இறுதி இறுக்கம், சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவுக்கு). நான் முதல் முறை ஆக்சில் தொங்கிய நிலையிலேயே வெறிகொண்டு இறுக்கிவிட்டேன். வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்றது. ஒவ்வொரு குழியிலும் மேலும் முறுக்கி, நாலு மாதத்தில் இரும்புக் குழாயை விட்டு ரப்பர் பிரிந்துவிட்டது.

கிளிக் வைப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். நான்கு திருகையும் மிக மென்மையான முனைவரை திருப்பி, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். தயாரிப்பாளர் ஆரம்ப நிலை சொல்லியிருந்தால் அதை வையுங்கள், இல்லாவிட்டால் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், ஒரு குண்டும் குழியுமான நீட்டம், ஒரு வளைவு உள்ள சுற்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். எப்போதும் அதே சுற்று, அதே வேகம், அதே டயர் காற்று. ஒரு முறைக்கு ஒரு ஆக்சிலை மட்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒன்றிரண்டு கிளிக் மாற்றுங்கள். முன்னையும் பின்னையும் ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இறுக்கம் போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்பதற்கு அறிகுறிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: மேட்டுக்குப் பிறகு இரண்டாவது குதிப்பு, பிரேக்கில் மூக்கு குத்துவது, வளைவில் சாய்ந்த உடம்பு நிமிர நேரமாவது. குழப்புவது மறுபக்கம். ரீபவுண்டு அதிகமாக இறுகினால், அமுங்கிய சக்கரம் திரும்ப விரிவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். தொடர்ந்து குழிகள் வந்தால் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, பம்ப் ஸ்டாப்பில் மோத ஆரம்பிக்கும். உள்ளே இருப்பவருக்கு 'தட் தட்' என்ற அடி மட்டும்தான் தெரியும். ஷாக் மென்மையாக இருப்பதால்தான் அடி வாங்குகிறது என்று நினைத்து இன்னும் இறுக்குவோம். இன்னும் மோசமாகும். முதல் குழி பரவாயில்லாமல் ஐந்தாவது குழி மட்டும் இடித்தால், இறுக்காதீர்கள், தளர்த்துங்கள்.

ஜிப்ஸியின் பின்பக்கம் காலியாக இருக்கும்போது இலேசு. என் வண்டியில் ஆள் இல்லாதபோது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் இரண்டு கிளிக் குறைவு. நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்னால் மூன்று கிளிக் கூட்டுகிறேன். உங்களுக்கு வேறு எண் வரலாம், பட்டையின் வயசு வேறு.

நீண்ட ஓட்டம் முடிந்ததும் இன்னொரு சோதனை. வண்டியை நிறுத்திய உடனே நான்கு ஷாக்கின் உடம்பையும் புறங்கையால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், சூடு சுடலாம். இடதும் வலதும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது வேலை செய்யவில்லை.

மாட்டிய பிறகு வரும் தொல்லைகள்

புதுச் சத்தம் வந்தால் முதலில் மேல் நட்டு, பிறகு கீழ்ப் போல்ட்டு, பிறகு ஷாக் எங்காவது தொட்ட பளபளப்பான தடம். பாலியூரிதேன் புஷ் கீச்சிட்டால் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். ரப்பர் புஷ்ஷுக்கு சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், ஊறிப்போகும்.

திருகு இறுகிப்போவது சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு நிச்சயம் வரும். பிளேயர் போட்டு ஒடித்துவிடாதீர்கள். தண்ணீர் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தேய்த்து, கொஞ்சம் சிலிக்கோன் ஸ்பிரே அடித்து, இரண்டு திசையிலும் சிறிது சிறிதாக ஆட்டினால் இளகும். மாதத்துக்கு ஒரு முறை முழு நீளத்துக்கும் திருப்பிவிட்டுப் பழைய கிளிக்கில் நிறுத்தினால் இந்தப் பிரச்சினை வராது.

திருகைத் திருப்பியும் எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால், ஷாக்கைக் கழற்றிக் கையால் இரண்டு கடைசி நிலைகளிலும் இழுத்துப் பாருங்கள். கையில் வித்தியாசம் தெரிந்து வண்டியில் தெரியவில்லை என்றால் மறுபடி பட்டை உரசலையும் புஷ்களையும் பாருங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு முறை சரிபாருங்கள். யூ போல்ட்டையும் சேர்த்து. என் வண்டியில் கிளிக் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டு அறைக்குள் ஒட்டியிருக்கிறேன்: 'காலி: முன் 5, பின் 3. லோடு: முன் 5, பின் 6.' போன தடவை வால்பாறை போனபோது மூட்டையெல்லாம் ஏற்றிவிட்டுப் பின்னால் திருப்ப மறந்துபோனேன். மூன்றாவது வளைவிலேயே பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. ஓரமாக நிறுத்தி, ஒரு பக்கத்துக்கு மூன்று கிளிக் திருப்பிவிட்டுத்தான் மேலே ஏறினோம்.